மேசை விளையாட்டும் மென்பொருளும்: ஒரு 200 வருடப் பஞ்சாயத்து

1/
இன்னைக்கு மருந்து, மாத்திரை, சுகர், பிரஷர் எதுவும் இல்லை. ஒரு விளையாட்டோட வரலாறு. கொஞ்சம் நீளமான இழை, டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இந்த வரலாற்றின் நடுவில் ஒரு நரம்பியல் டாக்டர் வர்றார். கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் வருவோம்.

2/
2020. கொரோனா வார்டு டூட்டி, அது முடிஞ்சா தனிமை. கூடப் படித்த நாங்கள் ஆறு பேர், ஆறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இணையத்தில் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடலாம்னு முடிவு பண்ணினோம்.

தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அடிப்படை அவ்வளவுதான்.

3/
எங்களில் ஒருவனுக்கு கம்ப்யூட்டர் பைத்தியம். இருப்பதிலேயே அதிக வசதி உள்ள மென்பொருளைத் தேடிப் பிடித்தான். (பெயர் வேண்டாம். தப்பு அதோடது மட்டும் இல்லை.) சுவருக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தீப்பந்தம் எவ்வளவு தூரம் எரியுமோ அவ்வளவுதான் வெளிச்சம். அடி, காயம், கணக்கு எல்லாம் தானாக நடக்கும். முதல் வாரம் எல்லாரும் வாயைப் பிளந்தோம்.

4/
மூன்றாவது வாரம் ஒருத்தி வரவில்லை. நாலாவது வாரமும் வரவில்லை. போன் பண்ணினேன்.

"குவாரண்டைன் ரூம்ல எனக்கு மொபைல் மட்டும்தான்டா இருக்கு. நீங்க எல்லாரும் டக்கு டக்குனு எதையோ அழுத்துறீங்க. எனக்கு எந்த பட்டன்னே தெரியல. அஞ்சு பேர் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறது கூச்சமா இருக்கு. நீங்க விளையாடுங்க."

எங்களிலேயே அந்த நேரத்தில் பேச்சுத்துணை அதிகம் தேவைப்பட்டது அவளுக்குத்தான். அவளைத்தான் வெளியே அனுப்பியிருந்தோம்.

5/
ஒரு விளையாட்டுக் கருவியில் எவ்வளவு வசதி போதும்? எந்த இடத்தில் அது உதவி என்பதிலிருந்து உபத்திரவமாக மாறுது? அப்போது தேட ஆரம்பித்தேன். இந்தப் பஞ்சாயத்து கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தொடங்கியிருக்கு. கிட்டத்தட்ட 200 வருடம்.

6/
பிரஷ்யா. இன்றைய ஜெர்மனியின் ஒரு பெரிய பகுதி. ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812-ல் மன்னருக்காக ஒரு போர் விளையாட்டு மேசை செய்தார். இழுப்பறைகள் வைத்த அலமாரி மாதிரி மரச்சாமான். மலை, ஆறு, ஊர் எல்லாம் தனித்தனிக் கட்டைகள். அடுக்கி அடுக்கிப் போர்க்களம் அமைக்கலாம். அழகுன்னா அழகு. ஆனால் அரண்மனைக்கு வெளியே அதை யார் வைத்துக்கொள்ள முடியும்?

7/
அவர் மகன் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். அப்பாவின் மேசையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, 1:8000 அளவில் வரைந்த காகித வரைபடத்துக்கு விளையாட்டை மாற்றினார். 1824-ல் விதிப்புத்தகம் வந்தது. பெயர் கிரீக்ஸ்ஷ்பீல், அதாவது போர் விளையாட்டு.

இரு அணியும் காயைத் தொடாது. நடுவரிடம் கட்டளையை எழுதிக் கொடுக்கும். நடுவர்தான் காயை நகர்த்துவார். எதிரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் மட்டுமே அவன் காயை வைப்பார். ஒரு சுற்று என்பது 2 நிமிடப் போர். சேதத்துக்குப் பகடையும் அட்டவணையும்.

8/
ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் முஃப்லிங் முதலில் அரைமனதாகத்தான் பார்க்க உட்கார்ந்தாராம். ஆட்டம் போகப் போக ஆளே மாறிவிட்டார். இது பொழுதுபோக்கு இல்லை, போருக்கான பயிற்சி என்று சொல்லிப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். படைப்பிரிவுகளுக்கு விளையாட்டுப் பெட்டி போனது. அது பெரிதாகப் பரவியதைப் பார்க்க மகன் ரைஸ்விட்ஸ் இல்லை. 1827-லேயே இறந்துபோனார்.

9/
அப்புறம் என்ன ஆச்சு? எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். அட்டவணைமேல் அட்டவணை. இந்தத் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு, மேட்டில் நின்றால் வேறு கணக்கு. எல்லாமே நியாயமான சேர்க்கைகள். ஆனால் நடுவர் பாதி நேரம் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார். நல்ல நடுவர் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

1873-ல் மெக்கெல் என்ற அதிகாரி இதை வெளிப்படையாக விமர்சித்தார். கெட்டியான விதிகள் நடுவரின் கையைக் கட்டுகின்றன, கணக்குப் போடுவதிலேயே நேரம் போகிறது என்பது அவர் கட்சி.

10/
1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி ஒரே போடாகப் போட்டார். அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம். போரைப் பார்த்த அனுபவசாலி ஒருவர் நடுவராக இருந்து முடிவு சொல்லட்டும். இதுக்கு "சுதந்திர" கிரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர் வந்தது. பழையதற்குக் "கறார்" கிரீக்ஸ்ஷ்பீல்.

வேகம் வந்தது. கூடவே புதுப் பிரச்சினையும் வந்தது. நடுவர் சரியில்லை என்றால்? அவருக்குப் பிடித்த அணி ஒன்று இருந்தால்? அனுபவமே இல்லாதவர் என்றால்?

11/
இந்த ரெண்டு பெயரையும் ஞாபகம் வச்சுக்கங்க. கறார், சுதந்திரம். கறார் என்றால் கருவிக்கு விதி தெரியும், அது முடிவு சொல்லும். சுதந்திரம் என்றால் மனுஷன் முடிவு சொல்வான், கருவி சும்மா இடம் கொடுக்கும். இனி வரப்போகிற எல்லாச் சண்டையும் இதே சண்டைதான்.

12/
நேராக 1974-க்குத் தாவுவோம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் பதிப்பு 1000 பிரதி. போரில் நடுவராக இருந்தவர் இங்கே கதை நடத்துபவர் ஆகிவிட்டார்.

புத்தகத்தைப் படித்தால் தலை சுற்றும். சண்டைக்கு கைகாக்ஸின் முந்தைய விளையாட்டான செயின்மெயில் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் எழுதியிருந்தார்கள். காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு கம்பெனியின் விளையாட்டு அட்டையை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றை விளையாட இன்னும் ரெண்டு வாங்கணும்!

13/
இப்போ நம்ம டாக்டர். பெயர் ஜான் எரிக் ஹோம்ஸ். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நரம்பியல் ஆசிரியர். இந்த விளையாட்டில் மனிதருக்கு அவ்வளவு பிரியம். ஆனால் புதிதாக வருகிற பையன்கள் அந்த மூன்று புத்தகங்களைப் படித்துத் தாங்களாகக் கற்றுக்கொள்ள வழியே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வெளியீட்டாளரான டி.எஸ்.ஆர். நிறுவனத்திடம் தானாகவே போய், ஆரம்பநிலைப் புத்தகத்தை நான் எழுதித் தருகிறேன் என்றார்.

14/
1977-ல் அது பெட்டியாக வெளிவந்தது. 48 பக்கப் புத்தகம். பாத்திரங்கள் முதல் மூன்று படிநிலை வரை மட்டும். அதுக்கு மேலே போகணும்னா பெரிய புத்தகம் வாங்கிக்கோ. பெட்டியைப் பிரித்தால் விளையாடத் தேவையானது உள்ளேயே இருக்கும்.

மருத்துவம் படித்தவர்களுக்கு இது பழகின விஷயம். முதல் வருடப் பையனுக்கு மொத்தப் பாடப்புத்தகத்தையும் கொடுத்து வார்டில் விட மாட்டோம். இன்று ராத்திரி டூட்டிக்கு எது தேவையோ அதை முதலில் சொல்லித் தருவோம்.

15/
1979 வாக்கில் இன்னொரு கூத்து. பல முகப் பகடைகளுக்குத் தட்டுப்பாடு. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பியது. ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி ஒண்ணை எடு, அதுதான் உன் பகடை. யாரும் விளையாட்டை நிறுத்தவில்லை. எது அலங்காரம், எது அத்தியாவசியம் என்பது இந்த மாதிரித் தட்டுப்பாட்டில்தான் தெரியும்.

16/
ஆனால் எளிமைக்கும் பக்கவிளைவு உண்டு. ஹோம்ஸ் புத்தகத்தில் எந்த ஆயுதமானாலும் ஒரே ஆறுமுகப் பகடை அளவு காயம்தான். கூடவே, குத்துவாள் போன்ற லேசான ஆயுதத்தால் ஒரு சுற்றில் ரெண்டு முறை தாக்கலாம், இரண்டு கையால் தூக்கும் கனமான வாளால் ரெண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தாக்கலாம் என்றும் ஒரு விதி.

கணக்குப் போட்டுப் பாருங்க. சின்னக் குத்துவாள் பெரிய வாளைவிட நாலு மடங்கு பலசாலி! ஒரு பாதியைச் சுருக்கிவிட்டு மறு பாதியை அப்படியே விட்டால் இதான் நடக்கும். டோஸைக் குறைத்தால் மட்டும் போதாது, கூடக் கொடுக்கிற மருந்தையும் பார்க்கணும்.

17/
அதே 1979-ல் எதிர்த் திசையில் ஒருவர் கடைசி வரை போனார். ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த வட ஆப்பிரிக்கப் போர் விளையாட்டு. ஆட்டத்தை முழுசாக முடிக்க சுமார் 1500 மணி நேரம் ஆகும் என்பார்கள். இத்தாலியப் படைக்கு பாஸ்தா வேக வைக்கத் தனியாகத் தண்ணீர் ஒதுக்கணும் என்று அதில் ஒரு விதி. இன்று வரைக்கும் விளையாட்டு ரசிகர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதை ஆட ஆரம்பித்தவர்களைவிட அதைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம்.

18/
மருத்துவத்தில் இதே கதைக்கு ஒரு நல்ல உதாரணம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று கணிக்க அபாச்சி என்று ஒரு மதிப்பெண் முறை. 1981-ல் வந்தபோது 34 அளவீடுகள் கேட்டது. 1985-ல் இரண்டாம் வடிவம் வந்தபோது அதை 12 ஆகக் குறைத்தார்கள், கூடவே வயதும் நாள்பட்ட நோயும். உலகம் முழுக்கப் பரவினது அந்த இரண்டாவதுதான்.

பிறந்த குழந்தைக்குப் போடும் அப்கார் மதிப்பெண் இன்னும் எளிது. ஐந்தே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. 1953-ல் வெளியானது, இன்றும் பிரசவ அறையில் இருக்கு.

19/
சரி, மென்பொருளுக்கு வருவோம். 1990-களின் கடைசியில் ராட்னி கின்னி என்பவர் அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் என்ற மகா சிக்கலான போர் விளையாட்டை இணையத்தில் ஆட ஒரு மென்பொருள் எழுதினார். பின்னாளில் அது வாசல் என்ற பெயரில் எந்த விளையாட்டுக்கும் பொருந்தும் பொதுக் கருவியாக வளர்ந்தது.

பெரும்பாலும் அதுக்கு விளையாட்டின் விதி தெரியாது. வரைபடம் காட்டும், காயை நகர்த்த விடும், பகடை உருட்டும். விதி உங்க ரெண்டு பேர் மண்டையில் இருக்கு, அது போதும் என்கிறது. அசல் சுதந்திரக் கட்சி.

20/
2004-ல் வந்த ஃபேண்டஸி கிரவுண்ட்ஸ் கறார் பக்கம் சாய்ந்தது. எந்த விளையாட்டு ஆடுகிறோமோ அதன் விதிகளையே உள்ளே எழுதி வைத்தார்கள். தாக்கினால் பட்டதா, எவ்வளவு காயம், மிச்ச உயிர் எவ்வளவு, எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். பழகியவர்கள் அதை விட்டு வரவே மாட்டார்கள். பழகுவதற்குத்தான் பொறுமை வேணும்.

அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் இன்னொரு தலைவலி. விளையாட்டை நடத்துபவர் தன் வீட்டு ரவுட்டருக்குள் போய் போர்ட் திறந்துவிடணும். டிராகனைக் கொல்வதுக்கு முன்னாடி ரவுட்டரைக் கொல்லணும்.

21/
2012-ல் அமெரிக்காவில் கல்லூரியில் ஒரே அறையில் தங்கியிருந்த மூன்று நண்பர்கள், ஆளுக்கொரு ஊராகப் பிரிந்த பிறகும் சேர்ந்து விளையாடுவதற்காக ரோல்20-ஐ உருவாக்கினார்கள். பொதுமக்களிடம் நிதி கேட்டதில் சுமார் 40,000 டாலர் சேர்ந்தது. புரட்சி எதில் என்றால், இறக்கி நிறுவ எதுவும் இல்லை. பிரவுசரில் ஒரு இணைப்பு, திறந்தால் மேசை.

ஆனால் பத்து வருடத்தில் அதிலும் பட்டன்கள் சேர்ந்தன. கேட்பவர்கள் எல்லாம் பழைய பயனாளிகள். புதிதாக வந்து குழம்பிப் போகிறவர் புகார் எழுதுவதில்லை. சத்தமில்லாமல் போய்விடுவார், எங்க தோழி மாதிரி.

22/
இன்னொரு ஜோடியைப் பாருங்க. 2015-ல் டேபிள்டாப் சிமுலேட்டர். விதி எதுவும் தெரியாது, ஆனால் காய்க்கு எடை உண்டு, தட்டினால் சாயும். கோபம் வந்தால் மேசையையே கவிழ்க்கலாம், அதுக்கு ஒரு வசதி!

இதுக்கு நேரெதிர் 2010-ல் தொடங்கிய போர்டு கேம் அரீனா. விதிப்படி செல்லாத நகர்வைச் செய்யவே விடாது. புது ஆட்டம் கற்க இது சுகம், தப்பு செய்ய முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு நாம் வைத்துக்கொள்கிற சொந்த விதிகளுக்கு அங்கே அதிகம் இடமில்லை.

23/
ஏன் கறார் கருவி கதை விளையாட்டில் திணறுது? ஒரு உதாரணம். மந்திரவாதி தீப்பந்து எறிகிறார். எட்டு பகடை, 20 அடி ஆரம், தப்பித்தவருக்குப் பாதிக் காயம். ஆறு பூதங்கள் நின்றால் கையால் கணக்குப் போட ரெண்டு மூணு நிமிடம். மென்பொருள் நொடியில் முடிக்கும். அருமை.

அடுத்த ஆள் சொல்கிறார்: "நான் விளக்கெண்ணெயைப் படிக்கட்டில் ஊத்திட்டு ஓடுறேன்." அதுக்குப் பட்டன் கிடையாது. மேசையில் உட்கார்ந்திருந்தால் நடத்துபவர் ஒரு நொடி யோசித்து "சரி, பகடையை உருட்டு" என்பார். 1873-ல் மெக்கெல் சொன்ன அதே குறை.

24/
2020-ல், பெருந்தொற்றின் நடுவில், இரண்டு கருவிகள் ஒரே வருடத்தில் வந்தன.

ஒன்று ஃபவுண்ட்ரி. ஒரு முறை பணம் கட்டினால் போதும், உங்க கணினியிலேயே ஓட்டலாம், மற்றவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான துணை நிரல்களைச் சேர்க்கலாம். என்ன நினைத்தாலும் செய்யலாம். புதுப் பதிப்பு வரும்போது எந்தத் துணை நிரல் படுக்கும் என்ற பயமும் கூடவே இருக்கும்.

மற்றது அவுல்பேர் ரோடியோ. வரைபடம், காய், பகடை. அப்போது கணக்குகூடத் தொடங்க வேண்டியிருக்கவில்லை, இணைப்பை அனுப்பினால் போதுமாக இருந்தது.

25/
2023-ல் அவுல்பேர் தன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. வசதி கேட்டு ஆட்கள் வருவார்கள் அல்லவா? அவர்கள் செய்தது எனக்குப் பிடித்தது. வசதிகளை நீட்சிகளாக வெளியே வைத்தார்கள். வேணும்னா சேர்த்துக்கோ. சேர்க்காதவருக்கு மேசை பழையபடி காலியாக இருக்கும். ஹோம்ஸின் மூன்று படிநிலைப் பெட்டியேதான், வேறு உருவத்தில்.

26/
இந்த வரலாற்றின் சோகமான அத்தியாயம் சமீபத்தியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உரிமையாளர் விசார்ட்ஸ் நிறுவனம் பெரும் செலவில் சிகில் என்ற முப்பரிமாண மேசையைச் செய்தது. சினிமா மாதிரிக் காட்சி. அதுக்கு நல்ல பலமான கணினி தேவைப்பட்டது. 2025 பிப்ரவரியில் வெளியானது. மார்ச்சிலேயே அந்தக் குழுவில் பெரும்பாலானவர்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதே நிறுவனம் 2023-ல் மேப்ஸ் என்று ஒரு சாதாரணத் தட்டை வரைபடக் கருவியையும் தொடங்கியிருந்தது. அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கு. 1812-ல் அரண்மனை மேசை, 1824-ல் காகித வரைபடம். அப்பாவும் மகனும் ஞாபகத்துக்கு வர்றாங்களா?

27/
அப்போ எளிமைதான் எப்பவும் ஜெயிக்குமா? இல்லை. குத்துவாள் கதையை மறக்காதீங்க. வாராவாரம் ஒரே குழு, வருஷக்கணக்கில் ஒரே கதை என்றால், ஃபவுண்ட்ரி மாதிரி ஒன்றைக் கற்றுக்கொள்ளும் உழைப்பு வீண் போகாது. அதிலும் ஒரு நல்ல விஷயம் இருக்கு. அமைப்பு வேலை முழுக்க நடத்துபவர் தலையில். விளையாடுபவர் பிரவுசரில் இணைப்பைத் திறந்தால் போதும்.

அதனால் எத்தனை வசதி என்று எண்ணுவதைவிட, அந்த வசதியின் பாரம் யார் தலையில் விழுது என்று பார்ப்பதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது. விரும்பிச் சுமக்கிறவர் தலையில் விழுந்தால் பரவாயில்லை. இருப்பதிலேயே பலவீனமானவர் தலையில் விழுந்தால் அவர் எழுந்து போய்விடுவார்.

28/
ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சொன்னேனே. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் கேஸ் ஷீட்டை மென்பொருளுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய கட்டத்தைச் சேர்த்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. நிரப்ப வேண்டியவர் யார்? ராத்திரி 2 மணிக்கு முப்பது படுக்கையைத் தனியாகப் பார்க்கிற நர்ஸ் சிஸ்டர். கூட்டத்தில் அவங்களை யாரும் கூப்பிடவில்லை.

என்ன ஆச்சு? எல்லாக் கட்டத்திலும் "நார்மல்". ஒரு நாள் வலியால் துடித்த நோயாளிக்கும் வலி என்ற கட்டத்தில் "இல்லை" என்று இருந்தது. சிஸ்டர் மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவங்க அந்த நோயாளியைப் பற்றி என்னிடம் நேரில் சொல்லியிருந்தாங்க. கட்டத்தை நிரப்பத்தான் நேரமில்லை.

29/
எங்க குழு என்ன ஆச்சு? மென்பொருளை விட்டோம். வீடியோ காலும், ஒரு எளிய வரைபடமும். தோழி தன் அறையில் பகடை உருட்டி எண்ணைச் சொல்வாள். கேமரா கூட வேண்டாம்னு முடிவு. நம்பினோம்.

இழப்பும் இருந்தது. இருட்டுப் பாதையில் தீப்பந்த வெளிச்சத்தில் நகரும்போது இருந்த அந்த திகில் போய்விட்டது. ரெண்டு வார இறுதி உட்கார்ந்து சுவர் சுவராக வரைந்து வைத்த நண்பனுக்கு வருத்தம்தான். இப்போ வேறொரு குழுவுக்கு அதே மென்பொருளில் பிரமாதமாக நடத்துறான். அங்கே எல்லாரும் லேப்டாப்காரர்கள். எங்க தோழி இன்னும் எங்களோடு விளையாடுகிறாள்.

30/
நீங்க வேலை செய்கிற இடத்தில், வங்கியோ பள்ளியோ ரேஷன் கடையோ, புது மென்பொருள் வந்த பிறகு சத்தமில்லாமல் ஒதுங்கிப்போனது யார்? முடிஞ்சா கீழே எழுதுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன்.

அடுத்த வாரம் வழக்கம்போல சுகருக்குத் திரும்புவோம்.